பட்டாவில் முந்தைய பக்கம் எங்கே?

தோவாளை வட்டத்து வயலுக்குப் பட்டா பார்க்க இப்போது யாரும் வில்லேஜ் ஆபீசுக்கு நடக்க வேண்டியதில்லை. தமிழக அரசின் இணையச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது சர்வே எண் கொடுத்தால் திரையிலேயே வந்துவிடுகிறது. உரிமையாளர் பெயர், உட்பிரிவு, நன்செய் புன்செய் வாரியாகப் பரப்பு, தீர்வை எல்லாம் உண்டு. ஆனால் அதே வயல் ஐந்து வருடத்துக்கு முன் யார் பேரில் இருந்தது, எந்தச் சர்வே எண்ணிலிருந்து பிரிந்தது என்று கேட்டால் அந்தத் தாளிடம் பதில் இல்லை. ‘குறிப்புரைகள்’ என்ற கடைசிக் கட்டத்தில் ஓர் உத்தரவு எண்ணும் தேதியும் இருக்கும். அதை வைத்து எதையும் தொடர முடியாது.

பழைய கதை வேண்டுமானால் பதிவுத்துறைக்குப் போ என்பார்கள். வில்லங்கச் சான்றில் பத்திரங்கள் வரிசையாக வரும், சரிதான். ஆனால் தகப்பனார் இறந்து வாரிசுகள் பேருக்குப் பட்டா மாறியது, பத்திரம் ஏதும் பதியாததால், வில்லங்கத்தில் ஏறாது. கிரயம் பதிந்தும் பட்டா மாற்றாத நிலம் வருவாய்த்துறைக் கணக்கில் இன்னும் பழைய ஆள் பேரிலேயே கிடக்கும். ஒரு துறையிடம் இன்றைய நிலை இருக்கிறது, மற்றதிடம் நடவடிக்கைகளின் பட்டியல் இருக்கிறது. இரண்டையும் கோர்ப்பது வாங்குபவர் பாடு, அவருடைய வக்கீல் பாடு.

மென்பொருள் எழுதுகிறவர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய கிட் என்ற மென்பொருள், நிரலில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு பதிவாகச் சேமிக்கிறது. இன்றைய நிலை, அதற்கு முந்தைய பதிவு எது, மாற்றியவர் யார், எப்போது, எதற்காக என்பதெல்லாம் அந்த ஒரே பதிவில் அடங்கும். கிட்ஹப் போன்ற தளங்கள் இந்தப் பதிவுகளை ஏபிஐ வழியாக, வேறு மென்பொருள்கள் நேரடியாகப் படிக்கும் ஜேசன் வடிவில் தருகின்றன. அந்த வெளியீட்டை வடிவமைத்தவர்கள் எடுத்த சில முடிவுகளை நம் நிலப்பதிவுக்காரர்கள் பார்க்க வேண்டும்.

முதல் முடிவு, முந்தைய பதிவைச் சுட்டும் ‘பெற்றோர்’ என்ற புலம் எப்போதும் ஒரு பட்டியலாகவே வரும் என்பது. முந்தைய பதிவு ஒன்றே ஆனாலும் பட்டியல்தான். இரண்டு கிளைகள் இணைந்திருந்தால் இரண்டு பெயர் இருக்கும், முதல் பதிவென்றால் காலிப் பட்டியல் வரும். சின்ன விஷயம்போலத் தோன்றும். நிலத்தில் வைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். சர்வே எண் 214 பாகப்பிரிவினையில் மூன்று உட்பிரிவானால் மூன்றுக்கும் பெற்றோர் ஒன்று. பக்கத்து இரண்டு துண்டுகளை ஒருவர் வாங்கி ஒன்றாக்கினால் பெற்றோர் இரண்டு. உரிமையாளர் பெயரும் அப்படித்தான். கூட்டுப் பட்டாவில் ஏழு பேரை ஒரே வரியில் கமா போட்டு எழுதிவிட்டு, எந்தக் கமா பெயரைப் பிரிக்கிறது, எது இனிஷியலோடு சேர்ந்தது என்று கணினியைக் கண்டுபிடிக்கச் சொல்வது அநியாயம்.

தோவாளை அடங்கிய நாஞ்சில் நாட்டில் பாகப்பிரிவினைக்குத் தனி வரலாறே இருக்கிறது. சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனான மருமகனுக்குப் போன காலத்தைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கேலி செய்து ஒரு நூலே எழுதினார். அந்த வழக்கத்தை மாற்றிய திருவிதாங்கூர் அரசின் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் 1926-இல், கொல்லம் ஆண்டு 1101-இல் வந்தது. இந்த ‘1101’ஐத்தான் கணினியிடம் கவனமாகக் கொடுக்க வேண்டும். குமரி மாவட்டத்தின் பழைய ஆவணங்களில் தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும், பலவற்றில் எழுத்தும் மலையாளம். அந்த எண்ணை அப்படியே தேதிப் புலத்தில் தட்டினால் கணினி அதைப் பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பத்திரமாக எடுத்துக்கொள்ளும். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால் மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825 கூட்ட வேண்டும். மாதம் தெரியாவிட்டால் ஜனவரி 1 என்று இட்டு நிரப்பக் கூடாது. ஆண்டை மட்டும் தரவும் ஐஎஸ்ஓ 8601 தேதித் தரத்தில் வழி இருக்கிறது. ஆவணத்தில் உள்ளபடி ஒரு புலம், மாற்றிய தேதிக்கு ஒரு புலம் என இரண்டும் வெளியீட்டில் வர வேண்டும்.

தேதியில் இன்னொரு பாடமும் உண்டு. கிட் பதிவில் எழுதியவர் வேறு, பதிவு செய்தவர் வேறு. இருவருக்கும் தனித்தனித் தேதி. பத்திரம் எழுதிக் கையெழுத்திட்ட நாள், சார்பதிவாளர் பதிந்த நாள், பட்டா மாறிய நாள் என்று நம்மிடம் மூன்று இருக்கின்றன. வழக்குகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் முளைக்கின்றன. வெளியீட்டில் ‘தேதி’ என்று ஒற்றைப் புலம் வைத்தால் எந்த நாள் என்பதை எழுதியவர்தான் வந்து சொல்ல வேண்டும்.

எழுத்து விஷயம் அதைவிட விசித்திரமானது. ‘தோவாளை’ என்ற பெயரில் உள்ள ‘தோ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே எண்ணாகத் தரலாம், அல்லது ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு எண்களாகத் தரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். ஒரு அலுவலகம் ஒரு விதமாகவும் இன்னொன்று வேறு விதமாகவும் தட்டச்சு செய்தால், ஊர் பெயர் மாறிவிட்டதாக ஒப்பீட்டு மென்பொருள் அறிவிக்கும். தேடினால் பாதிப் பட்டாக்கள் கிடைக்காது. கோட்டாறு, கொல்லங்கோடு, பொன்மனை என்று இந்த மாவட்டம் முழுக்க இதே அபாயம்தான். பதிவை ஏற்கும்போதே ஒரே வடிவுக்குச் சீராக்கினால் தீர்ந்தது. யூனிகோடே அதற்கு முறை வகுத்திருக்கிறது. வானவில் எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளைப் பிடிஎஃப் ஆக்கி ஏற்றி வைத்துவிட்டு ‘தரவு வெளியிட்டோம்’ என்று சொல்வது இந்தக் கணக்கிலேயே சேராது.

பரப்பும் அப்படியே. குமரியில் நிலம் பேசுவது சென்டில். பட்டாவில் வருவது ஹெக்டேர்–ஏர். பத்து சென்ட் வாழைத் தோட்டம் ‘0 – 4.05’ என்று அச்சாகும். ஹெக்டேருக்கும் ஏருக்கும் நடுவே உள்ள கோட்டைத் தசமப் புள்ளியாக நினைத்து யாராவது மென்பொருள் எழுதினால் பரப்பு எங்கேயோ போய்விடும். 405 சதுர மீட்டர் என்று ஒரே எண்ணாகக் கொடுத்துவிட்டால் சென்டாகவோ ஏராகவோ காட்டுவது தரவை வாங்கிக்கொள்பவர் வேலை.

அடையாள எண்தான் பெரிய தலைவலி. 1956 நவம்பர் 1-இல் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என நான்கு வட்டங்கள். இன்று திருவட்டாறும் கிள்ளியூரும் சேர்ந்து ஆறு. வட்டத்தின் எண்ணுக்குள் கிராமத்தின் எண், அதற்குள் சர்வே எண் என்று அடுக்கினால், வட்டம் பிரியும் ஒவ்வொரு முறையும் நிலம் இருந்த இடத்திலேயே இருக்க முகவரி மாறிவிடும். மத்திய அரசு 2021-இல் தொடங்கிய 14 இலக்க நில அடையாள எண், நிலத்தின் மூலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து பிறப்பதால் இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கிறது. ஆனால் உட்பிரிவு செய்தால் மூலைகளே மாறிவிடும், எண்ணும் புதிதாகும். பழைய எண்ணைப் பெற்றோராகச் சுட்டாவிட்டால் வரலாறு அங்கே அறுந்துபோகும். பிளாக்செயின் கொள்கையை 2020-இலேயே வெளியிட்ட மாநிலத்தில் இந்த எளிய புலத்தைப் பற்றி அதிகம் பேச்சில்லாதது வேடிக்கைதான்.

அரசால் இதெல்லாம் ஆகுமா என்ற கேள்விக்கு பிரிட்டன் பதில் சொல்லிவிட்டது. அந்நாட்டு தேசிய ஆவணக் காப்பகம் 2010-இல் தொடங்கிய சட்டங்களுக்கான தளத்தில், பிரிவின் இணைய முகவரிக்குப் பின்னால் ஒரு தேதியைச் சேர்த்தால் அந்த நாளில் நடைமுறையில் இருந்த வாசகத்தைப் பார்க்கலாம். முகவரியின் கடைசியில் ‘டேட்டா.எக்ஸ்எம்எல்’ என்று சேர்த்தால் அதையே கணினி படிக்கும் வடிவில் தரும். மனிதருக்கும் கணினிக்கும் ஒரே முகவரி, ஒரே உண்மை. இந்தியாவும் 2015-இல் அரசுத் துறைகளுக்கான திறந்த ஏபிஐ கொள்கையை வெளியிட்டது. கொள்கைக்குக் குறைச்சல் இல்லை.

அந்தரங்கம் பற்றிய அச்சம் நியாயமானது. ஒருவர் பெயரைக் கொடுத்து அவருடைய மூன்று தலைமுறைச் சொத்தையும் இழுத்தெடுக்க வழி திறக்கக் கூடாது. சர்வே எண் வழியாக மட்டும் வரலாறு தரலாம், கைபேசி எண், ஆதார் எதையும் சேர்க்காமல் விடலாம். மாற்றம் செய்தவரின் மின்னஞ்சலை மறைத்து வேறொன்றைக் காட்டும் வசதி கிட்ஹப்பிலேயே இருக்கிறது. மறைக்க வேண்டியது ஆளின் விவரத்தை. நிலத்தில் நடந்ததை மறைக்கக் காரணம் இல்லை.

முதலில் செய்ய வேண்டியது தவறான உத்தரவுகளின் கதி என்ன என்பதைத் தீர்மானிப்பது. 1983-ஆம் ஆண்டு பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி தாசில்தார் உத்தரவை எதிர்த்துக் கோட்டாட்சியரிடமும், அதன் பின் மாவட்ட வருவாய் அலுவலரிடமும் போகலாம். அங்கே உத்தரவு ரத்தானால் இணையப் பட்டாவில் பெயர் மாறும், இடையில் யார் பேரில் இருந்தது என்பது பொதுப் பார்வையிலிருந்து போய்விடும். கிட்டில் ஒரு மாற்றத்தைத் திரும்பப் பெறுவதும் ஒரு புதிய பதிவுதான். பழையது அப்படியே இருக்கும், அதை ரத்து செய்தது யார் என்று அடுத்தது சொல்லும். ரத்தான பட்டாவைக் காட்டி அந்த இடைப்பட்ட காலத்தில் கடன் வாங்கியவரையும், அதை நம்பிக் கொடுத்த கூட்டுறவுச் சங்கத்தையும் நீதிமன்றம் விசாரிக்கும்போது தேவைப்படுவது அந்தப் பழைய பதிவுதான்.