ஜெராய் மலையடியில் ஒரு நாள்

வெளிநாட்டு உறவினர் வீட்டுக்குப் போனால், ஊர் சுற்றிப் பார்ப்பது பெரும்பாலும் கடைத்தொகுதியில் முடிந்துவிடும். குளிரூட்டி உண்டு, கார் நிறுத்த இடம் உண்டு, எல்லாருக்கும் வசதி. ஜூன் விடுமுறையில் சுங்கைப் பட்டாணியில் சின்னம்மா வீட்டில் நான்கு நாள் தங்கியபோது, ஒரு நாளாவது பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போகலாம் என்றேன். "கல்லப் பாக்கவாடா சிங்கப்பூர்லேருந்து வந்தீங்க?" என்றார் சின்னம்மா. ஆனால் மறுநாள் காலை முதல் ஆளாகக் காரில் ஏறி உட்கார்ந்தவர் அவர்தான். பக்கத்தில் என் அம்மா. அக்காவும் தங்கையும் நேரில் பார்த்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

வழியில் ரொட்டி சானாய், தே தாரிக்குடன் பசியாறிவிட்டு மெர்போக் போய்ச் சேர்ந்தோம். 1,217 மீட்டர் உயர ஜெராய் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது தொல்பொருள் அரும்பொருளகம். அதையொட்டி, ஓடைக்கரையில் புக்கிட் பத்து பாஹாட் கோயில். 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் அகழ்ந்து ஆராய்ந்தது. 1960 வாக்கில் கற்களை அடுக்கி மீண்டும் கட்டினார்கள். கருவறை மேடையும் முன்மண்டபமும் தெளிவாகத் தெரிகின்றன.

"கூரை எங்கப்பா?" என்றான் தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகன். மண்டபத் தரையில் குழி விழுந்த அடிக்கற்களைக் காட்டினேன். அவற்றின்மேல் நின்ற மரத் தூண்கள் மக்கிப் போய்விட்டன. கல் மட்டும் மிச்சம். அவன் ஒவ்வொரு குழியாகத் தொட்டு எண்ணத் தொடங்கினான்.

உயர்நிலை இரண்டில் படிக்கும் மகளின் கேள்வி வேறு. "ராஜேந்திர சோழன் கட்டினதா?" கடாரம் என்றதும் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்புதான் நம் எல்லாருக்கும் நினைவுக்கு வருகிறது. அதற்கு இருபது ஆண்டுகள் முன்பு, கடாரத்து அரசர் சூளாமணிவர்மர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடையாகக் கொடுத்ததை நம் மேடைகள் அவ்வளவாகச் சொல்வதில்லை. எனக்கென்னவோ பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது அந்தக் கொடையைத்தான் என்று தோன்றுகிறது.

இந்தப் பள்ளத்தாக்கில் கிடைத்தவையும் வணிகர்களின் பொருள்கள்தான்: மணிகள், சீனப் பீங்கான் சில்லுகள், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகள். தென்மேற்குப் பருவக்காற்றில் வந்த கப்பல்கள், திரும்பிப் போக வடகிழக்குக் காற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும். கடலிலிருந்து கரையை அடையாளம் காட்டியது இந்த ஜெராய் மலை. "அத்தனை மாசம் என்ன செஞ்சாங்க?" என்று மகள் கேட்டாள். சாமி கும்பிட்டிருப்பார்கள், கடை போட்டிருப்பார்கள், கல்யாணம்கூடச் செய்திருப்பார்கள் என்றேன். சிரித்தாள்.

சிரிக்க முடியாத செய்தியும் உண்டு. 2013இல் இதே பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி, நிலத்தைச் சமன்படுத்தும் பணியில் இடித்துத் தள்ளப்பட்டது. பிள்ளைகளுக்குப் பிறகு காட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். காலையிலேயே போங்கள், வழுக்காத காலணியும் கொசு மருந்தும் அவசியம்.

அம்மாவும் சின்னம்மாவும் ஓடைக்கரைக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். இருவரும் பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்கள். "இந்த மலையப் பாத்துத்தான் வளந்தோம். கோயில் இருக்குன்னு ஒருத்தரும் சொல்லல" என்றார் அம்மா. அவர்களுக்கு மலை வேறொன்றைச் சொல்லியிருக்கிறது. விடியற்காலையில் உச்சியில் மேகம் இறங்கியிருந்தால் மழை. மழை பெய்தால் மரம் சீவ முடியாது. அன்றைய கூலி இல்லை. தாத்தா வாசலில் நின்று மலையைப் பார்த்துவிட்டுத்தான் பால்வாளியைத் தொடுவாராம். அவர் உள்ளே திரும்பி வந்து படுத்துக்கொண்டால், அன்று கஞ்சிதான் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அம்மா 1972இல் கல்யாணமாகி சிங்கப்பூர் வந்தவர். இதை இதற்கு முன் ஒருமுறைகூட எங்களிடம் சொன்னதில்லை. மகள் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுப் பாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

பகல் ஒரு மணி இருக்கும். சின்னம்மா தலையைத் தூக்கி உச்சியைப் பார்த்தார். "எழுந்திரிக்கா, இறங்கிருச்சு" என்றார். வானம் பளிச்சென்றுதான் இருந்தது. நாங்கள் காருக்குப் போய்ச் சேர்வதற்குள் நனைந்துவிட்டோம்.