ஏட்டைக் காப்பது எவர் கடன்?

கணனி வழியே ஆட்சி நடத்தப்போவதாகக் கொழும்பில் முழங்குகின்றார்கள். நல்லது, வரவேற்கின்றோம். ஆனால், மக்களின் பெயரையும் பிறப்பையும் உரிமையையும் தாங்கப்போகும் அந்த ஏட்டைக் காப்பது எவர் கடன் என்னும் வினாவுக்கு விடை காணோம்.

2023 ஆகஸ்ட் 26ஆம் நாள் 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' என்னும் அரசாங்கச் சேமிப்பகத்தைக் கப்பம் கேட்கும் கயவர் தாக்கினர். அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 தொடக்கம் அன்றுவரை சேர்ந்த கடிதங்கள் அழிந்தன. அங்கு ஓடியது 2013ஆம் ஆண்டின் மைக்ரோசாப்ட் எக்ஸ்சேஞ்ச் மென்பொருள். ஆக்கிய நிறுவனமே அதற்குத் திருத்தம் வழங்குவதை 2023 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. இழந்தவற்றை மீட்க, அப்பால் வைத்த படியொன்றும் இருக்கவில்லை.

பணமில்லை என்பது அதிகாரிகளின் பழைய பல்லவி. உலக அனுபவம் கூறுவதோ வேறு. 2003 ஜனவரி 25இல் மைக்ரோசாப்டின் எஸ்.கியூ.எல். சேர்வர் என்னும் தரவுத்தள மென்பொருளில் இருந்த ஓட்டை வழியே 'சிலாமர்' என்னும் புழு புகுந்து, பத்தே நிமிடங்களில் 75,000 கணனிகளைப் பற்றியது. அவ்வோட்டையை அடைக்கும் திருத்தம் 2002 ஜூலையிலேயே இலவசமாக வெளியாகியிருந்தது! குறைந்தது பணமன்று, கவனமே. பூட்டின் பழுது பறைசாற்றப்பட்டால் காவலாளி மட்டுமா கேட்பான்? கள்வனும் கேட்பான் அன்றோ!

ஏட்டின் அருமையை மலையகத் தமிழனுக்கு எவரும் போதிக்கவேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1949ஆம் ஆண்டின் சட்டமோ, மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இங்கு வாழ்ந்ததை எண்பிக்குமாறு கேட்டது. கலஹாவிலும் தெல்தோட்டையிலும் நாவலப்பிட்டியிலும் கொழுந்து பறித்த கைகள் கடதாசி தேடி அலைந்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களைக் கணக்கிட்டுப் பங்கிட்டது. ஒரு துண்டுக் கடதாசி இன்மையால் குடும்பங்கள் சிதறின.

நாளை கண்டிக் கச்சேரியின் கணனி, "உன் பெயர் இங்கில்லை" என்று கூறுமாயின் ஏழை என் செய்வான்? சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவு, அரசாங்கக் கருமங்கள் முறைப்படி நடந்தன என நீதிமன்றம் ஊகிக்க இடமளிக்கின்றது. ஓட்டைக் கணனிக்கும் அவ்வூகத்தின் நன்மையை வழங்குவது நீதியாகுமா? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தன; அவையும் பிற்போடப்பட்டன.

எமது கோரிக்கைகள் மூன்று. திருத்தம் வெளியானதும் அதனை இடுவதற்குத் தவணை விதித்து, தவறும் அதிகாரியைப் பொறுப்பாளியாக்குக. வலைத்தொடர்பற்ற படியொன்றை ஒவ்வொரு ஏட்டுக்கும் வைத்திருக்குக. அரசாங்க ஏடு அழிந்தாலோ திரிந்தாலோ, எண்பிக்கும் பாரம் அரசாங்கத்தையே சாரும் எனச் சட்டம் இயற்றுக.

மக்களிடம் சான்று கேட்கும் அரசாங்கம், தன் கையிலுள்ள சான்றைக் காக்கத் தவறிவிட்டு மக்களைத் தண்டிக்க முற்படுமாயின், அதனை மலையகம் இனியொருமுறை பொறுக்காது.