இத்தாலியில் வாடகை கார் ஓட்டினீங்களா? கார்டில் பிடித்த பணம் அபராதம் இல்லை... அசல் நோட்டீஸ் பின்னாடிதான் வரும்!

ஐரோப்பா டூர் முடிந்து ஊர் திரும்பி சில மாதங்கள் ஆகியிருக்கும். திடீரென்று கிரெடிட் கார்டில் 40 யூரோ, 50 யூரோ பிடித்ததாக ஒரு மெசேஜ் வரும். பணம் எடுத்தது, இத்தாலியில் கார் வாடகைக்குக் கொடுத்த நிறுவனம். "ஏதோ டிராஃபிக் ஃபைன் போல... அதான் எடுத்துட்டாங்களே, முடிஞ்சுது" என்று பலரும் அதை அப்படியே மறந்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்தப் பணம் அபராதமே இல்லை. அபராத நோட்டீஸ் அதற்குப் பிறகு, தனியாக, தபாலில் வரும். அதை எத்தனை நாளில் கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து தொகை கிட்டத்தட்ட மூன்று மடங்கு வரை மாறும்.

எதற்காக இந்த அபராதம்?

இத்தாலியில் சுற்றுலாப் பயணிகள் அதிகம் மாட்டுவது இசட்.டி.எல். எனப்படும் பகுதிகளில்தான். 'ஜோனா ஆ த்ராஃபிகோ லிமிதாதோ' என்பதன் சுருக்கம் இது. அனுமதி பெற்ற வாகனங்கள் மட்டுமே நுழையக்கூடிய பகுதி என்று பொருள். ரோம், ஃப்ளாரன்ஸ், பீசா, சியனா என்று பழைய நகர மையம் உள்ள பல ஊர்களில் இது உண்டு.

இங்கே தடுப்புக் கம்பியும் இருக்காது, போலீஸ்காரரும் நிற்கமாட்டார். வெள்ளைப் பலகையில் சிவப்பு வட்டம், அதன் கீழே நேரம். மேலே ஒரு கேமரா. அவ்வளவுதான். கார் உள்ளே நுழைந்ததும் நம்பர் பிளேட் படமாகப் பதிவாகிவிடும். ஓட்டியவருக்கு எதுவுமே தெரியாது.

மின்னணுப் பலகையில் ஒளிரும் வாசகமும் பலரைக் குழப்புகிறது. 'வார்கோ ஆத்திவோ' என்றால் 'நுழைவாயில் செயல்பாட்டில் உள்ளது' என்று அர்த்தம். 'ஓ, திறந்திருக்கு போல' என்று நினைத்து உள்ளே போகிறார்கள். உண்மையில் கண்காணிப்பு நடக்கிறது, நுழையக் கூடாது என்பதுதான் அதன் பொருள். 'வார்கோ நோன் ஆத்திவோ' என்று இருந்தால் மட்டுமே போகலாம்.

அப்படியானால் கார்டில் எடுத்த பணம் எதற்கு?

கேமராவில் பதிவான நம்பரை வைத்து நகராட்சி போலீஸ் முதலில் காரின் உரிமையாளரைத் தேடும். வாடகை கார் என்பதால் நிறுவனத்துக்குக் கடிதம் போகும். அந்தத் தேதியில் காரை எடுத்திருந்தவரின் பெயர், முகவரியை நிறுவனம் எழுதிக் கொடுக்கும். டிரைவர் இல்லாமல் வாடகைக்கு விடப்படும் வண்டிகளில் இந்த வகை அபராதத்துக்கு எடுத்தவரே பொறுப்பு என்று இத்தாலியின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 196-வது பிரிவு சொல்கிறது.

இப்படி விவரம் கொடுத்ததற்கு நிறுவனம் வாங்கும் நிர்வாகக் கட்டணம்தான் கார்டில் பிடிக்கப்படும் அந்தத் தொகை. பெரும்பாலும் 30 முதல் 60 யூரோ வரை இருக்கும். கவுன்டரில் அவசரமாகக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இது எழுதப்பட்டிருக்கும். அதனால் வங்கியில் புகார் கொடுத்தாலும் பணம் திரும்பக் கிடைப்பது கடினம். அப்படியே கிடைத்தாலும், விவரம் ஏற்கெனவே போலீஸிடம் போய்விட்டதால் அபராதம் நிற்காது. கார்டை பிளாக் செய்வதிலும் பயன் இல்லை.

அசல் நோட்டீஸ் எப்போது வரும்?

இத்தாலியில் வசிப்பவர்களுக்கு 90 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு 360 நாட்கள் வரை அவகாசம் உண்டு. இந்தக் கணக்கை, வாடகை நிறுவனம் ஓட்டியவரின் விவரத்தைக் கொடுத்த நாளிலிருந்து போலீஸ் தொடங்குவது வழக்கம். எனவே பயணம் முடிந்து ஒரு வருஷம் தாண்டியும் தபால் வரலாம். 'இவ்ளோ நாள் கழிச்சு வந்திருக்கே, ஏதோ மோசடி' என்று கிழித்துப் போட்டுவிடக் கூடாது.

எத்தனை நாளில் கட்டினால் எவ்வளவு?

இசட்.டி.எல். மீறலுக்குக் குறைந்தபட்ச அபராதம் 83 யூரோ. நோட்டீஸ் கையில் கிடைத்த 5 நாட்களுக்குள் கட்டினால் 30% தள்ளுபடி, அதாவது 58.10 யூரோ. 60 நாட்கள் வரை என்றால் முழுத் தொகையான 83 யூரோ. 60 நாட்களைத் தாண்டிவிட்டால் அதிகபட்ச அபராதத்தில் பாதி, அதாவது சுமார் 166 யூரோ. இவற்றோடு தபால், நடைமுறைச் செலவும் சேரும்.

ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 5,810 ரூபாயில் முடியவேண்டியது 16,600 ரூபாயாகிறது. இது ஒரு மீறலுக்கு மட்டும். தடை செய்யப்பட்ட பகுதிக்குள் இருக்கும் ஹோட்டலுக்கு மூன்று நாள் போய் வந்திருந்தால் மூன்று நோட்டீஸ் வரலாம். நிறுவனத்தின் நிர்வாகக் கட்டணமும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி.

இதனால்தான் நிறுவனம் பணம் பிடித்த மெசேஜை எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ள வேண்டும். அபராதம் கட்டாயம் வரப்போகிறது என்பதற்கு முதல் அறிகுறி அதுதான். தள்ளுபடிக்கான 5 நாள் கணக்கு அன்றைக்குத் தொடங்குவதில்லை. நோட்டீஸ் வீட்டுக்கு வந்து சேரும் நாளில்தான் தொடங்கும். வீடு மாறியிருந்தால் பழைய முகவரிக்கு வரும் தபாலைக் கவனிக்க இந்த மெசேஜ் நல்ல முன்னறிவிப்பு.

நோட்டீஸ் உண்மையானதா என்று பார்ப்பது எப்படி?

அசல் நோட்டீஸில் வழக்கு எண், கார் நம்பர், சாலையின் பெயர், தேதி, நிமிடம் வரை நேரம், எந்தச் சட்டப்பிரிவு என்பதெல்லாம் இருக்கும். அதை வாடகை ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பல நகராட்சிகளில் நோட்டீஸ் எண்ணை வைத்து கேமரா படத்தையே ஆன்லைனில் பார்க்கலாம். மெயிலில் லிங்க் மட்டும் வந்து 'உடனே கட்டுங்க' என்றால் அதை கிளிக் செய்யாமல், நகராட்சியின் இணையதளத்துக்குத் தனியாகப் போய் சரிபார்ப்பதே நல்லது. சில நகராட்சிகள் வெளிநாட்டு வசூலைத் தனியார் ஏஜென்சிகளிடம் கொடுத்துள்ளன. எனவே அறிமுகமில்லாத பெயரில் கடிதம் வந்தாலே போலி என்றும் முடிவுகட்ட முடியாது.

இந்தியாவிலிருந்து கட்டும்போது, வசதி இருந்தால் நகராட்சி தளத்தில் கார்டு மூலம் கட்டுவது சுலபம். வங்கி டிரான்ஸ்ஃபர் என்றால் பணம் போய்ச் சேரவே சில நாள் ஆகும். வங்கிக் கட்டணத்தில் சில யூரோ குறைந்து போய்ச் சேர்ந்தாலும் பாக்கி என்று கணக்காகும். டிரான்ஸ்ஃபரில் நோட்டீஸ் எண்ணைக் குறிப்பிடுவது அவசியம்.

தப்பு செய்யலை என்றால்?

இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, 60 நாட்களுக்குள் 'ப்ரெஃபெத்தோ' என்ற அதிகாரியிடம் மேல்முறையீடு செய்வது. மாகாணத்தில் மத்திய அரசின் பிரதிநிதி இவர், ஏறக்குறைய நம்ம ஊர் கலெக்டர் மாதிரி. இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் மனு தள்ளுபடியானால் குறைந்தபட்ச அபராதத்தைப் போல் இரு மடங்காவது கட்ட வேண்டும்.

மற்றொன்று, 'ஜூதிச்சே தி பாச்சே' எனும் உள்ளூர் நீதிபதியிடம் போவது. இத்தாலியில் வசிப்பவர்களுக்கு 30 நாள், வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு 60 நாள் அவகாசம். சிறிய தொகை வழக்குகளுக்கு நீதிமன்றக் கட்டணமே 43 யூரோ. 83 யூரோ அபராதத்துக்கு இது கட்டுப்படியாகுமா என்பதை யோசித்துத்தான் இறங்க வேண்டும்.

காரைத் திருப்பிக் கொடுத்த பிறகு நடந்த மீறல், நம்பர் தவறாகப் பதிவானது, ஹோட்டல் முன்கூட்டியே நகராட்சியில் நம்பரைப் பதிந்திருந்தது போன்ற காரணங்கள் ஆவணத்தோடு இருந்தால் மேல்முறையீடு எடுபட வாய்ப்புண்டு. 'பலகை புரியலை' என்பது எடுபடுவது கடினம். இன்னொன்று, பணத்தைக் கட்டிவிட்டால் அதற்குப் பிறகு மேல்முறையீடு செய்ய முடியாது.

கட்டாமலே விட்டால் என்ன ஆகும்?

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள், ஒரு நாட்டின் அபராதத்தை இன்னொரு நாடு வசூலித்துத் தரும் ஏற்பாடு 2005-லேயே உருவாக்கப்பட்டது. பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளில் வசிக்கும் தமிழர்கள் இத்தாலியில் கார் ஓட்டி மாட்டினால் இது பொருந்தும். இந்தியா இந்த ஏற்பாட்டில் இல்லை. ஷெங்கன் விசா விண்ணப்பப் படிவத்திலும் டிராஃபிக் அபராதம் பற்றிய கேள்வி கிடையாது.

அதற்காக பாக்கி மறைந்துவிடாது. தொகை கூடும், வசூல் ஏஜென்சியிடமிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். வேலைக்காகவோ படிப்புக்காகவோ பிறகு ஐரோப்பாவில் குடியேறுபவரைப் பழைய பாக்கி அங்கே துரத்தலாம். நிர்வாகக் கட்டணத்தையும் கொடுக்காதவர்களுக்கு அந்த வாடகை நிறுவனம் அடுத்த முறை கார் தர மறுக்கலாம்.

பயணத்துக்கு முன்பும் பின்பும்...

ஹோட்டல் புக் செய்யும்போதே 'உங்க ஹோட்டல் இசட்.டி.எல். உள்ளே இருக்கா, கார் நம்பரைப் பதிஞ்சு தருவீங்களா?' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய நகரங்களில் காரை வெளியே உள்ள பார்க்கிங்கில் விட்டுவிட்டு நடந்தோ பஸ்ஸிலோ போவது பாதுகாப்பு. மிலனின் 'ஏரியா சி' மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. கட்டணம் செலுத்தினால் பெரும்பாலான கார்கள் உள்ளே போகலாம்.

வாடகை ஒப்பந்தம், காரைத் திருப்பிக் கொடுத்த நேரம் உள்ள ரசீது, ஹோட்டல் பில் மூன்றையும் போனில் படம் எடுத்து, குறைந்தது இரண்டு வருஷமாவது அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். நோட்டீஸ் வரும் நாளில் அவற்றைத் தேடிக்கொண்டிருந்தால் தள்ளுபடிக்கான 5 நாள் அதிலேயே போய்விடும்.