திருமறைக்காட்டுக் கதவும் கணினிப் பலகையும்



நாகை மாவட்டத்தின் தென்கோடியில், உப்பளங்கள் வெள்ளிப் பாளங்களாய் ஒளிரும் கடற்கரையில், ஓர் ஊர் உண்டு. அதன் பெயர் திருமறைக்காடு. மறையை வேதமாக்கி, காட்டை ஆரண்யமாக்கி, ‘வேதாரண்யம்’ என்று அதற்குப் பெயர் மாற்றிச் சூட்டினர் வடமொழிப் பித்தர். அந்த நாகை மண்ணில் 1876-இல் பிறந்த வேதாசலம் என்னும் பெருமகனாரோ, வேதத்தை மறையாக்கி, அசலத்தை மலையாக்கி, மறைமலையடிகள் ஆனார். 1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்டார். ஆள் தம் பெயரை மீட்டார். ஊர் இன்னும் மீட்கவில்லை!

அவ்வூர்க் கோயிற் கதவின் கதையை அறியாதார் யார்? வடமொழி மறைகள் வணங்கி அடைத்துச் சென்ற கதவு அது என்பர். மக்கள் வேறொரு வாயில் வழியே போய் வந்தனர். நாவுக்கரசர் தமிழ் பாடினார், கதவு திறந்தது. ஞானசம்பந்தர் தமிழ் பாடினார், கதவு அடைத்தது. இதைத் தொன்மக் கதை என்றே கொள்க. எனினும் அக்கதை சொல்லும் கருத்தை எண்ணுக: தமிழன் வீட்டுக் கதவுக்குத் தமிழே திறவுகோல், பக்கவாயில் வழியே நுழைவது அவனுக்குப் பெருமையன்று.

இன்று நம்முன் நிற்கும் கதவு கணினி. அதன் திறவுகோல் விசைப்பலகை. அதனை வாங்கக் கடைக்குச் செல்லும் நம் இளைஞன் என்ன கேட்கிறான்? விலை கேட்கிறான், நிறம் கேட்கிறான், விசைக்கடியில் விளக்கு எரியுமா என்றும் கேட்கிறான். ‘என் மொழியின் எழுத்து இதில் எங்கே?’ என்று மட்டும் கேட்கின்றானில்லை!

சுட்டெலியைப் பற்றி நமக்கு வழக்கில்லை. 1968-இல் அமெரிக்க அறிஞர் டக்ளசு எங்கெல்பார்ட்டு உலகுக்கு இயக்கிக் காட்டிய அக்கருவிக்கு மொழியில்லை. உள்ளங்கைக்கு ஒத்ததாய், மணிக்கட்டை வருத்தாததாய், இடக்கையர்க்கு இடக்கைக்கும் ஏற்றதாய்ப் பார்த்து வாங்குக, அவ்வளவே. பலகை அத்தகையதன்று. அதற்கு மொழியுண்டு. இன்று கடைகளில் விற்கும் பலகையின் எழுத்தமைப்பு, 1870-களில் அமெரிக்கத் தட்டச்சுப் பொறியில் ஆங்கிலத்திற்கென அமைந்தது. அதன்மீது தமிழை எவ்வாறு ஏற்றுவது என்பதே கேள்வி.

வழிகள் நான்கு. முதலாவது பழைய தட்டச்சு முறை. யாழ்ப்பாணத்து இரா. முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப் பொறி ஆக்கித் தந்த தொண்டு என்றும் போற்றற்குரியது. ஆயினும் ‘கெ’ என எழுதக் கொம்பை முதலிலும் ககரத்தைப் பின்னரும் தட்டும் அம்முறை, உருளையும் மைநாடாவும் இருந்த காலத்துக்கு ஏற்றது. எழுத்தின் பிறப்பை அறிந்த கணினிக்கு அது வேண்டுவதன்று.

இரண்டாவது, நடுவணரசு 1980-களில் வகுத்த இன்சுகிரிப்டு. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டை! தேவநாகரி எழுத்துகளுக்கு இட்ட இருக்கைகளில் தமிழெழுத்துகளை அமர்த்தினர். வல்லினத்தில் நமக்கில்லாத எழுத்துகளுக்கும் அங்கே இடமுண்டு. பிறன் அளவுக்குத் தைத்த சட்டையை நாம் ஏன் அணிதல் வேண்டும்?

மூன்றாவது, ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைப்பது. இதுவே இன்று பெருகி நிற்கும் கேடு. அம்முறைக்கு மென்பொருள் ஆக்கித் தந்தோரை நாம் பழிக்கவில்லை. தமிழைக் கணினியில் ஏற்றப் பாடுபட்டோர் அவர்கள். ஆனால் நாள்தோறும் ‘அம்மா’ என்று எழுதுமுன் ஆங்கில எழுத்தை எண்ணும் பிள்ளையின் நெஞ்சில் எந்த மொழி முதலில் நிற்கும்? லகர ளகர ழகரங்களையும், ணகர நகர னகரங்களையும் பிரித்துணரும் கூர்மை அவனுக்கு எவ்வாறு வாய்க்கும்? இதுவன்றோ பக்கவாயில்!

நான்காவது, தமிழ் 99. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டையடுத்துத் தமிழ்நாட்டரசு செந்தரமாக ஏற்ற அமைப்பு அது. இடக்கைப் பக்கம் உயிர் பன்னிரண்டு; வலக்கையை ஒட்டி மெய் பதினெட்டு; புள்ளிக்கு ஒன்று. ஆக 31 விசைகள். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆகும் தமிழிலக்கணமே அங்கு விரல்களில் நடக்கிறது. ‘தஞ்சை’ என எழுத, த, ஞ, ச, ஐ என நான்கு தட்டுகள் போதும். ஞகரத்தின் தலையில் புள்ளி தானே வந்தமரும். ஆங்கில வழியில் பலரும் எழுதும் வழக்கப்படி ஏழு தட்டுகள். ‘நெல்’ போன்ற சில சொற்களில் ஆங்கில வழி ஒரு தட்டுக் குறையலாம். அதை மறைக்க வேண்டுவதில்லை. தட்டுக்கணக்கினும் பெரிது தன்மானக் கணக்கு. இன்னொன்றும் காண்க: வடவெழுத்துகள் இப்பலகையின் மேலடுக்கில் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றை வேண்டுவோன் தனியே ஒரு விசையை அழுத்திப் பிடித்து அழைத்தல் வேண்டும். நாம் அழைக்கமாட்டோம்!

‘தமிழ் பொறித்த பலகை கடையில் இல்லையே’ என்பர் சிலர். கேட்பார் இல்லாத சரக்கைக் கடைக்காரன் ஏன் அடுக்குவான்? கேளுங்கள், கிடைக்கும். கிடைக்குமட்டும் எழுத்தொட்டிகளை விசைகளில் ஒட்டுங்கள். இ-கலப்பை போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. உழவர் மண்ணில் கலப்பையை யாரும் கற்பிக்க வேண்டுமா? சில கிழமை பயின்றால் விரல் தானே வழி அறியும்.

1930-இல் இதே திருமறைக்காட்டில், சொந்தக் கடலின் உப்பை அள்ளியதற்காகத் தமிழர் அடிபட்டுச் சிறை சென்றனர். அப்படைக்குத் தலைமை தாங்கிய இராசாசியே 1938-இல் பள்ளிகளில் கட்டாய இந்தியைப் புகுத்தினார் என்பதையும் நாம் மறவோம். உப்பு நமதென்று கேட்டோம். எழுத்து நமதென்று கேட்க வேண்டாவா? இன்று தடியில்லை, சிறையில்லை. தடுப்பது நம் சோம்பல் ஒன்றே.

ஆசிரியர்களே, கணினி வகுப்பின் முதல் நாளிலேயே தமிழ் 99 கற்பியுங்கள். பெற்றோரே, பிள்ளைக்குப் பலகை வாங்கும்போதே தமிழெழுத்தையும் கேட்டு வாங்குங்கள். இளைஞனே, உன் பத்து விரல்களும் தமிழ் பேசட்டும்!

கதவு நம்முடையது. திறவுகோலும் நம்முடையதாகுக!