மேடு பெண்களுக்கும் உரியதே

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1897 முதல் மாரத்தான் ஓட்டம் நடைபெற்று வருகிறது. இன்று அதன் தூரம் 42.195 கிலோமீட்டர். தொடக்கத்தில் பாதை பெரும்பாலும் இறக்கமே. எளிதென்று எண்ணி விரைந்து இறங்குவோரின் தொடைகள் அங்கேயே களைத்து விடுகின்றன. அந்தக் களைப்பு நியூட்டன் மேடுகளில்தான் தெரியவரும். 'ஹார்ட்பிரேக் ஹில்' என்னும் கடைசி மேட்டின் ஏற்றம் ஏறத்தாழ 27 மீட்டர்தான். ஆனால் 32 கிலோமீட்டர் ஓடிய பின் அது மலையாகத் தோன்றுகிறது.

இப்பாதை பெண்ணுடலுக்கு ஆகாது என்று நெடுங்காலம் கூறி வந்தனர். 1966-இல் அனுமதி மறுக்கப்பட்ட பாபி கிப், புதரில் மறைந்திருந்து கூட்டத்தோடு கலந்து ஓடி முடித்தார். மறு ஆண்டு கேத்ரின் சுவிட்சரை அதிகாரி ஒருவர் நடுவழியில் இழுத்து நிறுத்த முயன்றார். அவரும் ஓடி முடித்தார். 1972-இல்தான் பெண்களுக்கு முறையான அனுமதி கிடைத்தது. 1984-இல் ஒலிம்பிக்கிலும் பெண்கள் மாரத்தான் ஓடினர்.

'தாங்காது' என்றவர்கள் பெண்களை ஓடவிட்டுப் பார்த்து அப்படிச் சொல்லவில்லை. அன்புள்ள பெற்றோரே, பத்தாம் வகுப்பு வந்ததும் மகளை விளையாட்டுத் திடலிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். கிறிஸ்தவ வாழ்வைப் பந்தய ஓட்டத்திற்கு ஒப்பிட்ட புனித சின்னப்பர் அந்த ஓட்டத்திலிருந்து பெண்களை விலக்கவில்லை. தோழியரே, இறக்கத்தில் நிதானமாய் ஓடுவோம், மேட்டில் தளராதிருப்போம்.