சாசனம் எழுதியாயிற்று, வாங்கி வைப்பவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வயதுவந்த எவரும், தீராத நோய்வாய்ப்பட்டுப் பிரக்ஞை தவறிய பின்பு தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதிவைக்கலாம் என்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2018 மார்ச் 9-ஆம் தேதி தீர்ப்பளித்தது. அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் கௌரவமாக மரிக்கும் உரிமையும் அடங்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துச் சாமானியன் அந்த உரிமையைப் பிரயோகிக்க முற்பட்டால் என்ன நேர்கிறது என்பதைத் தங்கள் பத்திரிகையின் வாயிலாக அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

2018-இல் வகுத்த நடைமுறை மிகக் கடினமானது. ஜுடீஷியல் மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் பெறவேண்டும் என்ற நிபந்தனையால், படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. 2023 ஜனவரி 24-ஆம் தேதி உச்சநீதிமன்றமே அதைத் திருத்தி, இரண்டு சாட்சிகள் கையொப்பமிட, நோட்டரியோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியோ அத்தாட்சி அளித்தால் போதும் என்றாக்கியது. நினைவு தவறினால் நம் சார்பில் பேசவேண்டிய உறவினரின் பெயர்களையும் இந்த ஆவணத்தில் குறிக்கலாம். ஆவணத்தின் ஒரு பிரதியை நகராட்சியோ ஊராட்சியோ, அந்தந்த உள்ளாட்சியின் தகுதியுள்ள அதிகாரியிடம் ஒப்படைக்கவேண்டும். அவர் அதைக் காத்துவைக்க ஒரு பொறுப்பாளரை நியமிக்கவேண்டும். நோயாளியைச் சேர்த்திருக்கும் மருத்துவமனை, ஆவணம் மெய்யானதுதானா என்று கணினி வழி மருத்துவப் பதிவிலோ இந்தப் பொறுப்பாளரிடமோதான் விசாரித்தறியும். ஆகவே பொறுப்பாளர் யாரென்று தெரியாத ஊரில், எவ்வளவு ஒழுங்காக எழுதிய ஆவணமும் பெட்டிக்குள் கிடக்கும் காகிதமே.

சிறுநீரகம் பழுதுபட்டு டயாலிசிஸ் செய்துகொண்டுவரும் நான், குடும்பத்தாரின் சம்மதத்தோடும் இரு நண்பர்களின் சாட்சியத்தோடும் நோட்டரியிடம் அத்தாட்சி பெற்று இத்தகைய ஆவணத்தை எழுதி முடித்தேன். பிரதியை ஒப்படைக்க உள்ளாட்சி அலுவலகம் ஒன்றுக்குச் சென்றபோது, அங்கிருந்த எழுத்தர் மரியாதையோடு உட்காரவைத்து, முழுவதையும் படித்துப் பார்த்துவிட்டு, “ஐயா, இதுக்கு எங்ககிட்ட ஃபைலே கிடையாது. உயில்னா ரிஜிஸ்தர் ஆபீசுல கேளுங்க” என்றார். பத்திரப் பதிவு அலுவலகத்திலோ, சொத்து சம்பந்தமில்லாத காகிதம் தங்களுக்கு உரியதன்று என்று திருப்பிவிட்டார்கள். அந்த எழுத்தரை நான் குறைகூறவில்லை. மேலிடத்து உத்தரவு கைக்கு வராதவர் எந்தப் பதிவேட்டில் எண் போடுவார்?

இது என் ஒருவனுடைய விவகாரமன்று. இவ்விரு மாவட்டங்களிலும் கடுமையான நோய் என்றால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ கொண்டு ஓடுகிறோம். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்க, ஐ.சி.யு. வாசலில் நிற்பவர் மச்சானோ சித்தப்பாவோதான். வெண்டிலேட்டரைத் தொடர்வதா நிறுத்துவதா என்று டாக்டர் கேட்டால், தம் தலையில் பழி விழுமோ என்று அஞ்சும் அவர் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே நாட்களைக் கடத்துகிறார். ஊரில் நகை அடகுக்குப் போகிறது, நிலம் கிரயத்துக்கு வருகிறது. கடைசியில், உயிர் வீட்டிலேயே பிரியட்டும் என்று கையெழுத்துப் போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றி வருகிறோம். வீட்டுத் திண்ணையில் குழாயை அகற்றுகிறோம். வல்லுநர் குழு ஆராய்ந்து, வலிதணிக்கும் மருந்தோடு நடத்தவேண்டிய காரியத்தை, இன்று எந்த ஆலோசனையும் இன்றி நாமே நடத்திவருகிறோம் என்பதுதான் உண்மை.

சொத்துக்கு ஆசைப்பட்டு வாரிசுகள் இந்த ஆவணத்தைத் துஷ்பிரயோகம் செய்வார்கள் என்போர் உண்டு. அந்த அச்சம் நியாயமானதே. அதனால்தான், ஆவணம் இருந்தாலும், மூன்று மருத்துவர்கள் கொண்ட முதற்குழு முடிவு செய்து, மாவட்ட முதன்மை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் ஒருவரும் இடம்பெறும் இரண்டாம் குழு அதை உறுதிசெய்யவேண்டும் என்றும், ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் அபிப்பிராயம் சொல்லவேண்டும் என்றும், சிகிச்சையை நிறுத்துமுன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தரவேண்டும் என்றும் நீதிமன்றம் விதித்தது. ஊசி போட்டு உயிரைப் போக்க இத்தீர்ப்பு எவருக்கும் அதிகாரம் தரவில்லை. எழுதியவர் மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். இத்தனை காவலுள்ள வழி அடைபட்டுக் கிடப்பதால், காவலே இல்லாத வழியில் ஜனங்கள் போகிறார்கள்.

இதோடு ஒட்டிய மற்றொரு சங்கடமும் உண்டு. நோயாளி மகனுக்கோ மனைவிக்கோ ‘பவர்’ எழுதிக் கொடுத்தாலும், ஒப்பந்தச் சட்டத்தின்படி அவர் சித்தசுவாதீனம் இழந்ததும் அது செல்லாததாகிறது. எந்த நாளுக்காக எழுதினோமோ அந்த நாளில் அது உதவுவதில்லை. கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்று அவருடைய சிகிச்சையையும் குடும்பத்தையும் கவனிக்க ஒரு மனைவி சென்னை உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு வரை சென்று, 2024-இல்தான் பாதுகாவலராக நியமனம் பெற முடிந்தது. வேப்பந்தட்டையிலோ ஆண்டிமடத்திலோ உள்ள ஓர் ஏழைப் பெண் அவ்வளவு தூரம் போவாளா?

மீண்டும் சிகிச்சை ஆவணத்துக்கு வருகிறேன். கோவாவில் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரே 2024-இல் தம் ஆவணத்தைப் பதிவுசெய்து வழிகாட்டினார். மகாராஷ்டிரத்தில் உள்ளாட்சி அமைப்புகளில் பொறுப்பாளர்கள் நியமிக்கப்பட்டனர். கர்நாடக சுகாதாரத் துறை 2025 ஜனவரியில் இதற்கென உத்தரவே பிறப்பித்தது. 2021-இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று நோயாளியின் வீட்டு வாசலுக்கே செவிலியரை அனுப்பத் துணிந்த நம் மாநிலத்துக்கு இது பெரிய காரியமா?

ஆகவே, பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் நகராட்சிகளிலும், பேரூராட்சி, ஊராட்சிகளிலும் இந்த ஆவணத்தின் பொறுப்பாளர் யாரென்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பொதுத் தகவல் அலுவலரின் பெயரை எழுதுவதுபோலப் பலகையில் எழுதிவைக்கவேண்டும். ஒப்படைப்பவருக்கு எண்ணிட்ட ரசீது தரவேண்டும். இரண்டாம் குழுவுக்கு மருத்துவரை நியமிக்கும் அதிகாரி நம் மாவட்டங்களில் யார் என்பதை அரசு திட்டமாக அறிவிக்கவேண்டும். தமிழில் ஒரு மாதிரிப் படிவத்தை ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாக வழங்கி, வீடுதேடி வரும் செவிலியர் அதை விளக்கிச் சொல்ல ஏற்பாடு செய்யவேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை. இரு மாவட்ட ஆட்சியர்களும் மனம்வைத்தால், உள்ளாட்சி அலுவலகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பி இப்பணியை இந்த மாதமே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
குன்னம் வட்டம், பெரம்பலூர் மாவட்டம்.