ஆராய்ச்சிச் சாலையிலிருந்து துணைவேந்தர் பதவிக்கு

விஞ்ஞான ஆராய்ச்சியில் பெயர் பெற்ற ஒருவரைப் பல்கலைக் கழகத் துணைவேந்தராக நியமிப்பது இந்நாட்டில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். நியமனச் செய்தி வெளியானதும் பாராட்டுக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. இத்தனை ஆண்டு உழைப்புக்கு ஏற்ற பரிசு கிடைத்தது என்று பலரும் மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சி இயல்பானதே. எனினும், அப்பதவியைப் பரிசாகக் கருதும் மனப்பான்மை விஞ்ஞானத்திற்கும் நன்மை செய்வதில்லை. பல்கலைக் கழகத்திற்கும் நன்மை செய்வதில்லை. துணைவேந்தர் பணி தனித்ததொரு தொழில். அதற்கு வேண்டிய பழக்கம் ஆராய்ச்சித் திறமையினால் மட்டும் வந்துவிடாது. இளமையிலிருந்தே சிறு சிறு பொறுப்புகளை ஏற்று நடத்தியவருக்கே அது வாய்க்கும்.

இவ்விஷயம் பல்கலைக் கழகத்தாரை மட்டும் சார்ந்தது என்று பள்ளி ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் ஒதுக்கிவிடலாகாது. நெல் வயலில் தென்படும் புதிய நோய்க்குறி ஒன்றைக் களப் பணியாளர் எழுதி அனுப்புகிறார். அக்குறிப்பு உரிய ஆராய்ச்சியாளரின் மேசையை அடைவதும், பருவம் தவறுமுன் விடை திரும்பி வருவதும், வேளாண்மைப் பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சிப் பிரிவும் விரிவாக்கப் பிரிவும் எவ்வளவு இணைந்து இயங்குகின்றன என்பதைப் பொறுத்தவை. அவ்விணைப்பை வளர்க்கவோ அறுக்கவோ வல்லவர் துணைவேந்தர். பள்ளிக்கு வரும் இளம் விஞ்ஞான ஆசிரியர் தம் கையால் பரிசோதனை செய்து பழகியவரா, ஏட்டைப் படித்து மட்டும் தேறியவரா என்பதும், அவர் பயின்ற பல்கலைக் கழகம் செய்முறைத் தேர்வை எவ்வளவு கண்டிப்பாக நடத்தியது என்பதைப் பொறுத்ததே.

ஒரு விஞ்ஞானி எவ்வழியே நடந்து தலைமைப் பொறுப்பை அடைய வேண்டும் என்பதற்கு டாக்டர் ஞான சந்திர கோஷ் அவர்களின் வாழ்க்கை நல்லதோர் எடுத்துக்காட்டு. 1894ஆம் ஆண்டில் புருலியாவில் பிறந்த அவர், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சத்தியேந்திர நாத் போஸ், மேகநாத் சாஹா ஆகியோருடன் பயின்றார். உப்பு முதலிய வலிமை மிக்க மின்பகுளிகள் நீரில் கரையும்போது முழுவதும் அயனிகளாகப் பிரிந்துவிடுகின்றன என்றும், படிகத்தில் உள்ளதைப் போன்றதோர் ஒழுங்கு கரைசலிலும் அவ்வயனிகளுக்கு உண்டு என்றும் 1918இல் அவர் ஒரு கொள்கையை வெளியிட்டார். 1923இல் டிபை, ஹூக்கல் என்னும் இருவர் கண்ட கொள்கை அதனினும் சிறந்ததாக ஏற்கப்பட்டது. ஆயினும், அத்துறையில் முன்னோடி என்ற பெருமை கோஷ் அவர்களுக்கு நிலைத்தது.

அப்புகழைக் கொண்டே அவரை உயர்ந்த நாற்காலி ஒன்றில் அமர்த்தியிருக்கலாம். அவ்வாறு நிகழவில்லை. 1921இல் டாக்கா பல்கலைக் கழகம் தொடங்கப்பெற்றபோது, முப்பது வயது நிரம்பாத அவர் ரசாயனத் துறையின் தலைமையை ஏற்றார். அப்பல்கலைக் கழகத்தின் முதல் துணைவேந்தரான பிலிப் ஹார்ட்டாக் அவர்களும் ரசாயனம் பயின்றவர். லண்டன் பல்கலைக் கழகத்தில் கல்விப் பதிவாளராகப் பல்லாண்டு பணிபுரிந்த பின்னரே டாக்காவுக்கு வந்தவர். புதிய துறையொன்றை நடத்துவதென்றால் கருவிகளுக்குப் பணம் கேட்க வேண்டும். பாடத்திட்டம் வகுக்க வேண்டும். ஆசிரியர்களிடையே எழும் பிணக்குகளைத் தீர்க்க வேண்டும். கோஷ் அவர்கள் துறையோடு நில்லாமல் விஞ்ஞானப் புலத்தின் தலைமையையும், மாணவர் உறைவிடமான டாக்கா மண்டபத்தின் தலைமையையும் ஏற்று நடத்தினார். இவ்வாறு 18 ஆண்டுகள் கழிந்தன.

1939இல் அவர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரானார். உலகப் போர் மூண்ட ஆண்டு அது. 1940இல் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை அமைந்தது; 1942இல் விஞ்ஞானக் கழகத்தில் விமானப் பொறியியல் துறை தோன்றியது; 1945இல் உலோகவியல் துறையும் உருவாயிற்று. நாட்டின் தேவை எதுவென்று கண்டு, அதற்கேற்ற கல்வியை உரிய காலத்தில் தொடங்குவதே தலைவரின் கடமை என்பதை இவை காட்டுகின்றன.

பின்னர் 1950இல் கரக்பூரில் நிறுவப்பெற்ற தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநர் பொறுப்பு அவரிடம் வந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் அரசியல் கைதிகளை அடைத்து வைத்திருந்த ஹிஜிலி முகாமின் கட்டடமே அக்கழகத்தின் முதல் இல்லம். 1931இல் கைதிகள் இருவர் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையான இடமும் அதுவே. அங்கு 1951இல் 224 மாணவர்களும் 42 ஆசிரியர்களும் கொண்டு வகுப்புகள் தொடங்கின. இவ்வளவு அனுபவத்திற்குப் பின், 1954இல், அறுபதை ஒட்டிய வயதில், கோஷ் அவர்கள் கல்கத்தா பல்கலைக் கழகத்தின் துணைவேந்தரானார். துறை, புலம், மாணவர் மண்டபம், ஆராய்ச்சிக் கழகம், புதிய தொழில்நுட்பக் கழகம் ஆகிய படிகள் பலவற்றைக் கடந்து அவர் அங்கு வந்து சேர்ந்தார்.

அதே வரலாற்றில் ஒரு குறையும் காணப்படுகிறது. மறு ஆண்டே திட்டக் குழு அவரை அழைத்துக்கொண்டது. திட்டக் குழுவுக்கு அது ஆதாயமாக இருந்திருக்கலாம். ஆனால், பல கல்லூரிகளைத் தன்னகத்தே கொண்ட பழம்பெரும் பல்கலைக் கழகம் ஒன்றை ஓராண்டில் எவராலும் சீர்செய்ய இயலாது. தக்கவரைத் தேடிப் பிடிப்பது பாதி வேலை. அவரைப் போதிய காலம் அங்கு இருக்க விடுவது மறு பாதி.

ஆராய்ச்சிப் பெருமை ஒன்றே தலைமைக்குப் போதுமா என்ற கேள்விக்கும் பெங்களூர் வரலாறு விடை தருகிறது. 1930இல் நோபெல் பரிசு பெற்ற ஸர் சி. வி. ராமன் அவர்கள், 1933இல் அக்கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். பௌதிகத் துறையைப் புதிதாகத் தோற்றுவித்தார். ஆனால் நிர்வாகக் குழுவுடன் ஏற்பட்ட கருத்து வேற்றுமை முற்றியதால், 1937இல் இயக்குநர் பதவியை விட்டு நீங்கினார். எவர் பக்கம் நியாயம் என்னும் விவாதம் இங்கு வேண்டுவதில்லை. அதன் பின் நிகழ்ந்ததே கருதத்தக்கது. அவர் அங்கேயே பேராசிரியராக 1948 வரை பணியாற்றினார். விக்ரம் சாராபாய், ஜி. என். ராமச்சந்திரன் போன்றோர் அவரிடம் ஆராய்ச்சி பயின்றது அக்காலத்திலேதான். இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தவருக்குப் பேராசிரியர் நாற்காலி இல்லாமற் போயிருந்தால், இழப்பு ராமன் ஒருவரோடு முடிந்திராது.

விஞ்ஞானிகளைவிட ஆட்சிப் பணியில் தேர்ந்தவர்களே இப்பதவிக்கு ஏற்றவர்கள் என்று வாதிடுவாரும் உண்டு. லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக் கழகத்தில் 1968 முதல் 1976 வரை துணைவேந்தராக இருந்த எம். எஸ். ரந்தாவா அவர்களை அவர்கள் சான்றாகக் காட்டுவர். அவர் ஐ.சி.எஸ். அதிகாரி என்பது உண்மை. பாசி இனங்களை ஆராய்ந்த தாவரவியல் அறிஞர் என்பதும், தேசப் பிரிவினைக்குப் பின் பஞ்சாபில் அகதிகளின் மறுவாழ்வுப் பணியை முன்னின்று நடத்தியவர் என்பதும் அதே அளவு உண்மை. ஆகவே அச்சான்று விஞ்ஞானத்திற்கு எதிரானதன்று. துறை அறிவும் நிர்வாகப் பழக்கமும் ஒருவரிடத்தே சேர வேண்டும் என்பதையே அதுவும் வற்புறுத்துகிறது.

பௌதிக அறிஞர் டி. எஸ். கோத்தாரி அவர்களின் தலைமையில் 1964 முதல் 1966 வரை இயங்கிய கல்விக் குழுவும் இக்கருத்தையே கொண்டிருந்தது. துணைவேந்தர் தம் துறையில் உயர்ந்த மதிப்புடையவராகவும், போதிய நிர்வாக அனுபவம் உள்ளவராகவும் இருத்தல் வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. பதவிக் காலம் 5 ஆண்டுகளாக இருக்க வேண்டும் என்றும் கூறியது. பல்கலைக் கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள், பேராசிரியராகவோ, புகழ் பெற்ற ஆராய்ச்சி அல்லது கல்வி நிர்வாக நிறுவனத்திலோ 10 ஆண்டு அனுபவம் வேண்டும் என்றன. ஆண்டுக் கணக்கு தேவையே. ஆனால் அது மட்டும் போதாது. பத்து ஆண்டு பேராசிரியராக இருந்து, ஒரு கருவியறையையும் பொறுப்பேற்று நடத்தாதவரும் உண்டு; கல்லூரி ஒன்றில் பாழடைந்து கிடந்த பரிசோதனைச் சாலையை இரண்டே ஆண்டில் எழுப்பியவரும் உண்டு. தேர்வுக் குழுவினர் ஒருவர் வெளியிட்ட கட்டுரைகளை எண்ணுவதோடு, அவர் எதை உருவாக்கினார், எவரை வளர்த்தார் என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

இதற்கான ஏற்பாட்டை மேலிருந்து தொடங்குவதைவிடக் கீழிருந்து தொடங்குவதே பயன் தரும். இளம் விரிவுரையாளரிடம் பாடத்திட்டக் குழுவிலும், விடுதி நிர்வாகத்திலும், களப் பரிசோதனைத் திட்டத்திலும் உண்மையான பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். செலவுக் கணக்கு எழுதவும், தணிக்கைக்குப் பதில் சொல்லவும் அவர் கற்க வேண்டும். துணைவேந்தரான பின்னரும் வாரத்திற்கு ஒரு வகுப்பேனும் எடுத்தால், மாணவர் நிலையை அறியக் கோப்புகளை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. பதவிக் காலம் முடிந்ததும் பழைய பரிசோதனைச் சாலைக்குத் திரும்பும் வாயில் திறந்திருக்க வேண்டும். அவ்வாறு திரும்புவதைத் தாழ்வாக எண்ணும் வழக்கம் ஒழிய வேண்டும். நிர்வாகத்தில் நாட்டமில்லாத நல்ல ஆராய்ச்சியாளர் கடைசி வரை ஆராய்ச்சியாளராகவே இருந்து, குறைவற்ற ஊதியமும் மதிப்பும் பெற வழி செய்தல் அதனினும் முக்கியம்.

பள்ளியிலும் களத்திலும் இதே சிக்கல் சிறிய அளவில் நாள்தோறும் காணப்படுகிறது. மாணவர் விரும்பிக் கேட்கும் விஞ்ஞான ஆசிரியர் தலைமையாசிரியரானதும் வகுப்பறையை மறக்கிறார். விவசாயிகள் பெயர் சொல்லி அழைக்கும் களப் பணியாளர் பதவி உயர்வு பெற்றதும் அலுவலகக் காகிதங்களுக்குள் மறைகிறார். பதவி உயர்வு என்பது செய்த தொழிலிலிருந்து விடுதலை என்று கருதப்படும் வரை இவ்விழப்பு நீடிக்கும். தலைமையாசிரியர் வாரம் சில பாடவேளைகளைத் தமக்கென்று வைத்துக்கொள்வதும், உயர்ந்த அலுவலர் மாதத்தில் சில நாளேனும் வரப்பில் நடப்பதும் எந்த அரசாணைக்கும் காத்திராமல் இன்றே தொடங்கக் கூடியவை. அத்தகைய பழக்கம் பள்ளியிலும் களத்திலும் வேரூன்றினால், நாளைய துணைவேந்தர்களுக்கு வேண்டிய பயிற்சியும் அங்கேயே தொடங்கிவிடும்.